அழித்தும் குறையாத இடம்

மார்ச் 3, திங்கள்

மில்லுக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை கருப்புத் திரையில் df என்று அடிப்பது. மற்றவர்கள் சாமி படத்தைக் கும்பிடுவார்கள், நான் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பேன். இன்றைக்குத் தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்துவிட்டது. போன வாரம் தொண்ணூற்றுநான்கு.

மறுபடியும் ஒரு கடிதம் அடித்து மேனேஜர் குருநாதன் சார் மேஜையில் வைத்தேன். கேமரா பதிவுக்குப் புது டிஸ்க் வேண்டும், யு.பி.எஸ்ஸுக்குப் புது பேட்டரி வேண்டும். படிக்காமலே மடித்து டிராயருக்குள் போட்டார். அந்த டிராயரில் என் கடிதங்கள் குடும்பம் நடத்துகின்றன.

"இருக்கறத வச்சு ஓட்டுங்க ஆவுடையப்பன். நீங்கதான் கெட்டிக்காரராச்சே."

கெட்டிக்காரன்தான். யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரை எடுத்து, காசில்லாமல் கிடைத்த மென்பொருளைப் போட்டு, மில்லில் இருக்கிற எல்லாக் கேமராவையும் அதில் கோத்துவிட்டவன் நான். ஒரு கேமராவுக்கு ஒரே ஃபைல், வருஷம் பூராவும் அதிலேயே எழுதிக்கொண்டு போகும். பிரித்துப் பிரித்து எழுதவைக்க எனக்கு அப்போது சோம்பல். ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். கேட்டில் சல்யூட் அடிக்கிறவர்கூடப் பெர்மனென்ட் ஆகிவிட்டார்.

என் மனைவி வடிவு கேஸ் அடுப்புக்கு ட்யூப் வாங்கிவரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மதியம் கார்டிங்கில் விபத்து. பஞ்சைச் சிக்கெடுத்து வாருகிற மிஷினுக்குள் பேச்சிக்கனி என்கிற பெண்ணின் வலது கை போய்விட்டது. ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

நான் என் அறையில் இருந்தேன். எதையும் பார்க்கவில்லை.

சட்டையை வடிவு ஊறவைத்திருக்கிறாள். கறை போகாது என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

கட்டைவிரல் மட்டும் மிஞ்சியதாம். மற்ற நான்கும் இல்லை.

அறிவிப்புப் பலகையில் அதற்குள் ஒட்டிவிட்டார்கள். "வேலை நேரத்தில் தூங்கி விழுந்த தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து. உள்விசாரணை நடைபெறும்." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சம்பளச் சீட்டில் என் பெயரை ஒருநாளும் சரியாக அடித்ததில்லை.

சாப்பிடும்போது வடிவு கேட்டாள். "நீங்கதான் மொத ஆளா ஓடிப்போய்த் துண்டை வச்சுக் கட்டுப் போட்டியளாம்லா. பஸ்ஸுல பேசிக்கிடுதாவ."

"பக்கத்துல இருந்தேன்."

"உங்க ரூமு கேட்டுப் பக்கத்துலல்லா இருக்கு?"

இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

குருநாதன் சார் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. இந்த மில்லில் எனக்கு இதுவரை காகிதக் கப்தான். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

டிராயரைத் திறந்து என் கடிதங்களையெல்லாம் எடுத்தார். மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"இடம் இல்லன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்க. நான்தான் கவனிக்கல. தப்பு என் மேலதான்."

"டிஸ்க் வாங்கிரலாமா சார்?"

"வாங்கலாம். அதுக்கு முன்னாடி இருக்கறதுல கொஞ்சம் எடுத்துருங்க. எது ரொம்ப இடம் புடிக்குதோ அத. நீங்களே பாத்து வந்து சொல்லுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அறைக்கு வந்து du அடித்தேன். df மொத்தக் கணக்கு மட்டும் சொல்லும். du ஒவ்வொரு ஃபைலாகத் தொட்டுப் பார்த்து, யார் எவ்வளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் போடும். கேட், குடோன், கேன்டீன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. கார்டிங் கேமரா மட்டும் இரண்டு பங்கு. ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அங்கே பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், படத்தில் எதுவும் ஒரு கணம் நிற்காது. அசைவு கூடினால் ஃபைல் பெரிதாகும்.

போய்ச் சொன்னேன். "கார்டிங்தான் சார் அதிகம்."

"அப்படியா?" என்று புருவத்தைத் தூக்கினார். "சரி, நீங்க சொல்றீங்க. அதையே எடுத்துருங்க."

கதவு வரை வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டு, "பெர்மனென்ட் லிஸ்ட் இந்த மாசம் சென்னைக்குப் போகுது" என்றார்.

du பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று யோக்கியர்கள்.

மார்ச் 11, செவ்வாய்

அழித்துவிட்டேன். rm, ஒரு இடைவெளி, ஃபைலின் பெயர், என்டர். அவ்வளவுதான் வேலை. "முடிஞ்சுது சார்" என்று போனில் சொன்னேன்.

சாயங்காலம் பழக்கத்தில் df அடித்தால் காலையில் இருந்த அதே தொண்ணூற்றேழு. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. du அடித்தால் கார்டிங் ஃபைலே கிடையாது, கூட்டினால் எவ்வளவோ குறைகிறது. ஒன்று இருக்கிறது என்கிறது, ஒன்று இல்லை என்கிறது.

வேலைக்கு வந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. பதிவு செய்கிற புரோகிராமை நிறுத்தாமல் ஃபைலை அழித்திருக்கிறேன். அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். புரோகிராம் ஃபைலைத் திறந்து கையில் வைத்திருக்கிறவரை டிஸ்க் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டேன், ஆள் உள்ளேதான் இருக்கிறார். திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டுகிற lsof அடித்துப் பார்த்தேன். கார்டிங் ஃபைல் இருந்தது. பக்கத்தில் "அழிக்கப்பட்டது" என்று குறிப்பு. ஆறாம் தேதி மதியமும் அதற்குள் இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். செய்யவில்லை. அந்தக் கிழட்டு மிஷின் அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமா என்று சொல்ல முடியாது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

விசாரணைக்கான காகிதங்களை ஸ்கேன் செய்யச் சொல்லி என்னிடம் தந்தார்கள். கார்டிங் சூப்பர்வைசர் பால்துரை எழுதிக்கொடுத்ததும் அதில் இருந்தது. "சம்பவ நேரத்தில் நான் அந்தப் பக்கமே இல்லை."

அந்தப் பக்கமே இல்லாத ஆள் எப்படி இடது கையை ஆட்டி "எடு, எடு" என்று காட்டுவான்? மூடியைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடட்டும் என்று சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அடைத்திருந்த பஞ்சைக் கையால் எடுக்கச் சொன்னான். அவள் இரண்டு தடவை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் கையை விட்டாள்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. யாரோ கேன்டீனில் பேசிக்கொண்டது.

மார்ச் 16, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அடியில் கை அளவுக்குச் சேறு.

வடிவு கீழே நின்று வாளி வாங்கிக்கொண்டிருந்தாள். பெர்மனென்ட் லிஸ்ட் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நல்லதுதான்" என்றாள். அடுத்த வாளியை வாங்கிக்கொண்டே, "இத்தன வருசமா இல்லாம இப்ப எதுக்கு?" என்றாள்.

"ஒம்பது வருசம் உழைச்சிருக்கேன்லா."

"அத அவுக இப்பத்தான் பாத்தாவளாக்கும்."

வாளித் தண்ணீரை வேண்டுமென்றே வேகமாகக் கொட்டினேன். அவள் சேலை நனைந்தது. இந்த வீட்டில் ஒரு நல்ல சேதி சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

என் கையடக்க டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து ஆபீஸ் பையில் போட்டேன். சும்மாதான்.

மார்ச் 18, செவ்வாய்

பேச்சிக்கனி வந்தாள். கேட்டுக்கு உள்ளே விடவில்லை. என் அறை ஜன்னல் கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடது கையால். வலது கை வெள்ளைத் துணிக்குள் பெரிய உருண்டையாக இருந்தது.

"சார், கேமராவுல இருக்கும்லா?"

"அழிஞ்சுபோச்சும்மா. டிஸ்க்குல இடம் இல்ல."

"எல்லாமே அழிஞ்சுதா, எங்க டிபார்ட்மென்ட்டு மட்டுமா?"

நான் கீபோர்டைத் துடைத்தேன்.

"நஷ்டஈடு குடுத்தா குடுக்காவ, குடுக்காட்டி போவுது சார். தூங்கி விழுந்தேன்னு எழுதி ஒட்டிட்டாவ. பதினோரு வருசமா நிக்கேன், ஒருநா கண்ணசந்தது கிடையாது. எம் மவ கிளாசுல கேக்காவளாம், ஒங்கம்மா தூங்கித்தான கைய விட்டான்னு. அவ வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்கா சார், நெசமாம்மான்னு. நான் என்னத்தச் சொல்ல? வேலைய விட்டுத் தூக்கட்டும். தூங்கல, சொல்லித்தான் செஞ்சேன்னு மட்டும் ஒருத்தராவது சொல்லணும்."

"நான் என்னம்மா செய்ய முடியும்?"

"செய்ய முடியாதுன்னா சரி சார்" என்று போய்விட்டாள். கத்தியிருந்தால், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

lsof அடித்தேன். ஃபைல் இன்னும் உள்ளே இருக்கிறது. ஒரே ஒரு வரி அடித்தால் அதை அப்படியே வெளியே நகல் எடுத்துவிடலாம். எப்படி என்று எனக்குத் தெரியும், இந்த மில்லில் எனக்கு மட்டும்தான் தெரியும். பையில் டிஸ்க் இருந்தது. அதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. கேன்டீனில் இன்றைக்குப் புளிக்குழம்பு, உப்பே இல்லை.

மார்ச் 20, வியாழன்

பேப்பரில் போட்டிருக்கிறான். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை. நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமி எழுவதற்கு இரண்டு நிமிஷம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிஷத்தைத் தாங்க யு.பி.எஸ். பேட்டரிக்கு உயிர் கிடையாது. நான்தான் மூன்று கடிதம் எழுதினேனே. கம்ப்யூட்டர் அணையும், திரும்ப எழும், கையில் வைத்திருந்த ஃபைலைப் புரோகிராம் விட்டுவிடும். யார் மேலும் குற்றம் இல்லை. அரசாங்கம் தேதி குறித்துவிட்டது, குறுக்கே நிற்க நான் யார்?

வெகு நாளைக்கப்புறம் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

வரவில்லை.

நாளைக்குச் சீக்கிரமே போய் ஒரு நகல் எடுத்து வைத்துவிடலாம். கொடுப்பதா இல்லையா என்பது அப்புறம். எடுத்து வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

எட்டு மணிக்கே போய்விட்டேன். கையடக்க டிஸ்க்கைச் சொருகினேன். வடிவு கட்டிக்கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன். கேமராத் திரையில் கேட், குடோன், கேன்டீன் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நகல் எடுக்க நேரம் இருந்தது.

குருநாதன் சார் எட்டிப்பார்த்தார். சனிக்கிழமை அவர் வருவதே இல்லை. "சென்னையிலேர்ந்து பேசினாங்க. லிஸ்ட்ல உங்க பேரு மொதல்ல இருக்கு" என்றார். மேஜைமேல் இருந்த சின்ன டிஸ்க்கைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"என்னுது சார். பாட்டு வச்சிருக்கேன்."

"நல்ல பாட்டா பாத்து வைங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. எல்லாம் அணைந்து திரும்ப எழுந்தது. df அடித்தேன். எண்பத்தொன்று. டிஸ்க்கில் நல்ல இடம்.

நகல் எடுக்க முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் வடிவு துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நேத்து கரண்ட் போவும்னு வெள்ளிக்கிழமையே மாவாட்டி வச்சேன். கடைசியில போகவே இல்ல பாத்துக்கிடுங்க. புள்ளைகளுக்குப் பரீட்சைன்னு தள்ளி வச்சுட்டாவளாம். மைக் போட்டுல்லா சொல்லிட்டுப் போனான்."

"மில்லுக்குத் தனி லைன்" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தனி லைன் என்றால் தனி லைன், அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சத்தம் போட்டுவிட்டு வெளியே போய் கேஸ் ட்யூப் வாங்கிவந்தேன்.

ட்யூப் அளவு சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. கணினிப் பிரிவு உதவியாளர், நிரந்தரம். பெயரைச் சரியாக அடித்திருந்தார்கள். குருநாதன் சார் கை கொடுத்தார். பால்துரை லட்டு கேட்டான். வாங்கிக்கொடுத்தேன். அவன் இடது கையால்தான் எதையும் எடுக்கிறான்.

புது டிஸ்க்கும் வந்தது, புது பேட்டரியும் வந்தது. கேட்காமலே ஒரு சுழல் நாற்காலி.

வடிவு ஆர்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

உள்விசாரணை. மீட்டிங் ஹாலில் நீள மேஜை. விசாரிக்க மதுரையிலிருந்து ஒரு வக்கீல். ஒரு பக்கம் குருநாதன் சாரும் பால்துரையும். எதிரே பேச்சிக்கனி, தனியாக. கட்டு இப்போது சின்னதாகிவிட்டது. உருண்டை போய், கையின் அளவு தெரிகிறது. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நிர்வாகத் தரப்புச் சாட்சி நான். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். இடப் பற்றாக்குறை பற்றி ஏற்கெனவே மூன்று முறை எழுத்து மூலம் தெரிவித்திருந்தேன். அளவில் பெரிதாக இருந்த பதிவு வழக்கமான பராமரிப்பில் நீக்கப்பட்டது. என் கடிதங்களை வக்கீல் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத கடிதங்கள்.

"இவர்கிட்ட எதாச்சும் கேக்கணுமாம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

பேச்சிக்கனி எழுந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். எங்க டிபார்ட்மென்ட்டு அந்தக் கோடியில இருக்கு. ஒங்க ரூமு இந்தக் கோடியில, கேட்டுகிட்ட. மிஷின் சத்தத்துல நான் கத்துனது பக்கத்து மிஷின்காரிக்கே கேக்கல. சங்கு அப்புறந்தான் அடிச்சாவ. அதுக்கு முன்னாலயே நீங்க துண்டோட வந்து நிக்கிய. ஒங்களுக்கு யாரு சார் சொன்னா?"

குருநாதன் சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வக்கீல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பார்த்ததைச் சொல்ல டிஸ்க் எதற்கு? வாயைத் திறந்தால் போதும். திரும்பிப் பால்துரையைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரவுண்ட்ஸ் வந்திருந்தேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர்காரருக்கு என்ன சார் ரவுண்ட்ஸ்?" என்றாள்.

வக்கீல் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் டைப் அடிக்கிற பெண்ணிடம், "ரவுண்ட்ஸ்ல இருந்தார்னு போட்டுக்கம்மா" என்றார்.

பேச்சிக்கனி உட்காரவில்லை.

"சரி சார். நீங்க வந்து கட்டலைன்னா மணிக்கட்டோட எடுத்திருப்போம்னு டாக்டர் சொன்னாரு. பாத்துட்டுத்தான் ஓடியாந்திய, எனக்குத் தெரியும். அன்னிக்கு ஓடி வந்ததுக்கு ஒரு கும்பிடு போடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

இடது கையையும் கட்டுப் போட்ட கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே கும்பிட்டாள்.

"இதெல்லாம் ரெக்கார்டுல ஏத்த வேண்டாம்" என்றார் வக்கீல். டைப் சத்தம் நின்றது.

யாராவது கும்பிட்டால் திருப்பிக் கும்பிட்டுத்தான் பழக்கம். என் கைகள் தாமாகவே மேலே வந்து சேர்ந்துகொண்டன. அத்தனை பேர் முன்னால், பத்து விரலோடு, அவளுக்கு எதிரே அப்படியே நின்றேன்.